எலும்பின் உறுதி என்னும் சொல்

எலும்பைப் பற்றிய அறிவியற் கட்டுரைகளைத் தமிழாக்குங்கால், 'உறுதி' என்னும் ஒரே சொல்லால் எல்லாவற்றையும் முடித்துவிடும் வழக்கம் நம்மிடையே உள்ளது. யானும் பல்லாண்டுகள் அவ்வாறே செய்தவன். இவ்வழக்கத்தைக் கைவிடல் வேண்டும் என்பது என் கருத்து. கீறலை எதிர்ப்பது கடினத்தன்மை. வளைய மறுப்பது விறைப்பு. முறியாது சுமை தாங்குவது வலிமை. விரிசல் பரவாமல் தடுக்கும் பண்பு இவற்றினும் வேறானது. ஒவ்வொன்றும் தனித்தனியே அளக்கப்படுவது.

எலும்புத் தாது, கார்பனேட் கலந்த அப்படைட் வகையைச் சேர்ந்தது. அதன் படிகம் சில நானோமீட்டர் தடிப்பும் சில பத்து நானோமீட்டர் நீளமுமே உடைய நுண்தகடு. அதைத் தனியே பிடித்து இழுத்துப் பார்த்தல் எளிதன்று. ஆகவே தாதுத் தூளை இரு வைரங்களுக்கிடையே அழுத்தி, அணுத்தளங்களின் இடைவெளி எவ்வளவு சுருங்குகிறது என்பதை எக்ஸ்-கதிர்களால் அறிகின்றனர். இதிற் கிடைப்பது படிகம் அமுக்கத்தை எதிர்க்கும் திறன் மட்டுமே. அது முறியும் அளவை இம்முறை கூறாது. நுண்ணிய வைர முனையால் எலும்பையே அழுத்தும் முறையிலோ, படிகமும் கொலாஜன் என்னும் புரத நாரும் சேர்ந்தே அழுந்துகின்றன. பாறையிற் கிடைக்கும் அப்படைட்டின் விறைப்பு நூறு கிகாபாஸ்கலுக்கு மேல். அடர்ந்த எலும்பினுடையது ஏறத்தாழ 20. முன்னதன் எண்ணைப் பின்னதற்குச் சூட்டிய பாடக்குறிப்புகளும் உள.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. குடிநீரிலுள்ள புளூரைடால் விளையும் எலும்பு நோய், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டு 1937-இல் வெளியிடப்பட்டது. புளூரைடு அப்படைட்டுக்குள் ஹைட்ராக்சிலின் இடத்தைப் பிடிக்கிறது. எலும்பின் அடர்த்தி மிகுகிறது. இதனை 'எலும்பு உறுதியாகிறது' என்று நாம் எழுதினால், கேட்கும் கிராமத்தார் நன்மை என்றே கொள்வர். 1990-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைக் காண்க. எலும்பு நலிந்த, மாதவிடாய் நின்ற 202 பெண்களுள் ஒரு சாராருக்கு நாள்தோறும் 75 மில்லிகிராம் சோடியம் புளூரைடு வழங்கப்பட்டது. நான்கு ஆண்டுகளில் அவர்தம் இடுப்புப் பகுதி முதுகெலும்பின் தாது அடர்த்தி 35 விழுக்காடு உயர்ந்தது. ஆயினும் முதுகெலும்பு முறிவுகள் குறிப்பிடத்தக்க அளவிற் குறையவில்லை. ஏனைய எலும்புகளின் முறிவுகளோ பெருகின.

ஆகவே நீரைச் சோதிக்கும் களப்பணியாளர், 'எலும்பின் அடர்த்தி கூடும், ஆயினும் எளிதில் முறியக்கூடும்' என்று பிரித்தே சொல்லுதல் நலம். ஆசிரியர்க்கு இதை விளக்க விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. ஒரு கோழி எலும்பைச் சில நாள் காடியில் ஊறவைத்தால் தாது கரைந்து, எலும்பு வளையும். மற்றொன்றை நன்கு சுட்டால் நார் அழிந்து, விரலால் அழுத்தவே நொறுங்கும். இரண்டையும் மாணாக்கர் கையிற் கொடுத்து, எது உறுதி குன்றியது என்று வினவுக.