ஜன்னலுக்குப் பின்னால் கட்டளைதான்!

"கறுப்புத் திரையில் கட்டளை தட்டுவதெல்லாம் இன்ஜினியரிங் பசங்க வேலை. பி.காம். பசங்களுக்கு மவுஸ் போதும்" என்று ஜல்லியடிப்பவர்கள் செங்கல்பட்டிலும் உண்டு, சென்னையிலும் உண்டு. லினக்ஸில் ஒரு டிவிடி எழுதிப் பார்த்தாலே இந்த வாதத்தின் ஓட்டை தெரிந்துவிடும்.

கே3பி அருமையான மென்பொருள்தான். கோப்புகளை இழுத்துப் போட்டு பொத்தானை அமுக்கினால் முடிந்தது வேலை. ஆனால் வட்டில் எழுதுவது அது அல்ல... சிடி என்றால் சிடிரெக்கார்ட் அல்லது வோடிம், டிவிடி என்றால் பெரும்பாலும் குரோஐசோஎஃப்எஸ். இந்தக் கட்டளைகளைப் பின்னால் நின்று ஏவுவதுதான் அதன் வேலை. எழுதுவது பாதியில் நின்றுபோனால் பிழை விவரம் காட்டும் பொத்தான் ஒன்று வரும். அதை அமுக்கினால்? கே3பி ஓட்டிய கட்டளையே வந்து நிற்கும் :)

2006-ல் உரிமம் பற்றி சிடிரெக்கார்டை எழுதிய ஷில்லிங்குக்கும் டெபியன்காரர்களுக்கும் சண்டை முற்றி, வோடிம் பிறந்தது. ஜன்னலை மட்டும் பார்த்தவர்களுக்கு உள்ளே எஞ்சின் மாறியதே தெரியாது!

2011-ல் தமிழக அரசு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு போஸ் லினக்ஸும் வந்தது. சென்னை சி-டாக்கில் உருவான, டெபியன் அடிப்படையிலான லினக்ஸ் அது. இன்ஜினியரிங் பசங்களுக்கு மட்டுமா கொடுத்தார்கள்? பிளஸ் டூ, கலைக்கல்லூரி மாணவர்களுக்கும்தானே!

டேலியில் பேமென்ட்டுக்கு எஃப்5, ரசீதுக்கு எஃப்6, ஜர்னலுக்கு எஃப்7 என்று மவுஸைத் தொடாமலே பதிவு போடும் காமர்ஸ் மாணவருக்கா கட்டளை வராது? வவுச்சர் இல்லாத செலவை எந்த ஆடிட்டர் ஒப்புக்கொள்வார்? கட்டளையும் ஒரு வவுச்சர்தான். எந்த டிரைவ், என்ன வேகம், எந்தக் கோப்பு, எல்லாம் ஒரே வரியில் இருக்கும். சேமித்து வைத்தால் நூறாவது வட்டையும் அதே மாதிரி எழுதலாம். லேசரை எரிக்காமல் ஒத்திகை பார்க்கலாம். எழுதியபின் எம்டி5 போட்டுச் சரிபார்க்கலாம். கே3பியிலும் இந்த வசதிகள் உண்டு, யார் மறுத்தார்கள்? ஆனால் எந்தக் கட்டத்தில் டிக் அடித்தார் என்று ஆறு மாதம் கழித்து யார் சாட்சி சொல்வது?

"இப்போது லேப்டாப்பில் டிவிடி டிரைவே வருவதில்லையே, இந்தச் சண்டை எதற்கு?" என்பவர்கள் செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வீடுகளில் பீரோவுக்குள் கிடக்கும் கல்யாண டிவிடிகளை நினைத்துப் பார்க்கட்டும். தாத்தா பாட்டி முகம் அதில்தான் இருக்கிறது. இன்னொரு நகல் எழுதிக் கொடுப்பவர் "சரியாக வந்திருக்கும்" என்று சொன்னால் போதுமா? "சரிபார்த்துவிட்டேன், இதோ கணக்கு" என்று காட்ட வேண்டாமா?

ஜன்னல் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கட்டளை உனக்கெதற்கு என்று மட்டும் சொல்லாதீர்கள்.