வாரண்டி ஒரு வருஷம், அதில் 59 நாள் அவர்களிடம்

ஒரு வருஷம் வாரண்டி என்று சொல்லி ஒரு பொருளை விற்கிறார்கள். பொருள் நம் கையில் இருந்த நாள் மட்டும்தான் அந்த ஒரு வருஷமா, அவர்களுடைய சர்வீஸ் சென்டரில் கிடந்த நாளும் சேர்த்தா? முப்பது வருஷத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் கோப்பும் குறிப்பும் எழுதிப் பழகியவனுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. உங்களில் பலருக்கும் வந்திருக்கும். கவுண்டரில் இருக்கும் பிள்ளைகள் சிரிப்பார்களோ என்று கேட்காமல் வந்திருப்பீர்கள்.

என் லேப்டாப்பின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனியின் பெயரும் கடையின் பெயரும் இங்கே தேவையில்லை. வாங்கிய நான்காம் மாதம் சார்ஜ் ஏறாமல் நின்றது. புதுச்சேரிக்கு எடுத்துப் போனேன். மதர்போர்டு போய்விட்டது என்று மாற்றிக் கொடுத்தார்கள். அதற்கு 19 நாள். ஏழாம் மாதம் கீபோர்டில் ஒரு வரிசை முழுக்க வேலை செய்யவில்லை. அதற்கு 14 நாள். பதினோராம் மாதம் மறுபடியும் முதலில் வந்த அதே கோளாறு, சார்ஜ் ஏறவில்லை. அதற்கு 26 நாள். ஆக மொத்தம் 59 நாள். ஒவ்வொரு தடவையும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் பிடித்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, கொடுக்க ஒரு நாள், வாங்க ஒரு நாள்.

பொழுதுபோக்குக்கு வைத்திருக்கும் பொருள் என்றால் இவ்வளவு எழுத மாட்டேன். புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் அக்கம்பக்கத்தில் சிலருக்கு நான்தான் எழுத்தர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் குடும்பங்கள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்கு வரும் பென்ஷன் கடிதங்களைப் படித்துச் சொல்வது, பதில் அடித்துக் கொடுப்பது, வருஷா வருஷம் உயிரோடு இருப்பதற்கான சான்றுப் படிவத்தை நிரப்புவது எல்லாம் இந்த லேப்டாப்பில்தான். அந்தச் சான்று காலத்தில் போய்ச் சேராவிட்டால் பணம் நின்றுவிடும். மூன்றாவது ரிப்பேர் நடந்த 26 நாளில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மாவின் தாள் என் கையில் இருந்தது. கையால் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, தபாலில் அனுப்பினோம். பணம் வரும்வரை அந்த அம்மா தினமும் வாசலில் வந்து, "என்னங்க, ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

மூன்றாம் தடவை சர்வீஸ் சென்டரில் ஒரு புதுக் காரணம் சொன்னார்கள். "போர்டுல பச்சை பூத்திருக்கு சார். உள்ளே ஈரம் போயிருக்கு. இது கஸ்டமர் டேமேஜ், வாரண்டில வராது." அந்தத் தம்பி சொன்னதில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதியை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

நம் மரக்காணத்துக் காற்றைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், மின்விசிறியின் திருகு எல்லாம் உள்ளூரில் இருப்பதைவிட இங்கே சீக்கிரம் துருப்பிடிக்கும். உப்பளத்தில் இன்றைக்கும் உப்பை மரப்பலகையால்தான் வாருகிறார்கள். லேப்டாப்பின் உள்ளே இருப்பது தலைமுடியைவிட மெல்லிய செப்புத் தடங்கள். காற்றோடு வரும் உப்புத்தூள் சின்ன விசிறி வழியாக உள்ளே போய்ப் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுக்க ஆரம்பிக்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். மழைக்காலத்தில் உப்புச் சாடி நீர்த்துப் போவது இதனால்தான். அதே ஈரம் மின்சாரம் ஓடும் போர்டின் மேல் படிந்தால் செம்பு அரிக்கும், பச்சை பூக்கும், பக்கத்துப் பக்கத்துத் தடங்களுக்கு நடுவே மின்சாரம் கசியும்.

ஆக, உப்புக்காற்று லேப்டாப்பைக் கெடுக்கும் என்பது சரி. அது என் மேல் சுமத்த வேண்டிய குற்றம் என்பது சரியில்லை. நான் தண்ணீரைக் கொட்டவில்லை, மழையில் வைக்கவில்லை. என் வீட்டில் உட்கார்ந்து உபயோகித்தேன். மூச்சு விடும் காற்றை எப்படி கஸ்டமர் டேமேஜ் என்று எழுதுவது? தமிழ்நாட்டின் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டர். இந்தக் கரையில் இருக்கிற ஊர்களில் கடை திறந்து விற்கிறவருக்கு இந்தக் காற்று தெரியாதா? பல கம்பெனிகள் அமெரிக்க ராணுவத் தரத்தில், மில்-எஸ்டிடி-810 என்ற முறையில், சோதனை செய்தோம் என்று விளம்பரத்தில் பெருமையாகப் போடுகின்றன. அந்தத் தரத்தில் 509 என்ற எண்ணில் உப்புப்பனிச் சோதனை ஒன்று தனியாக உண்டு. எந்தச் சோதனைகளைச் செய்வது என்று கம்பெனியே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். லேப்டாப் வாங்கப் போகிறவர்கள், "509 செய்திருக்கிறீர்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் தெரியாவிட்டாலும் கேட்டவர் விஷயம் தெரிந்தவர் என்பதாவது அவர்களுக்குத் தெரியும்.

இனி என் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்தால் அதற்குப் பெயர் ரிப்பேர் இல்லை. கெட்டுப்போகக்கூடிய ஒரு பாகத்தை எடுத்துவிட்டு, கெட்டுப்போகக்கூடிய அதே பாகத்தை மறுபடி வைப்பதால் வாரண்டி முடியும் தேதிதான் நெருங்கிவரும்.

இது உலகத்தில் பெரிய கம்பெனிக்கே நடந்திருக்கிறது. ஆப்பிள் நிறுவனம் 2015-இல் மேக்புக்கில் பட்டர்ஃப்ளை என்று ஒரு மெல்லிய கீபோர்டைக் கொண்டுவந்தது. தூசி போனாலே எழுத்து ஒட்டிக்கொண்டது, அல்லது ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து விழுந்தது. எடுத்துப் போனவர்களுக்கு அதே வகை கீபோர்டையே மாற்றிக் கொடுத்தார்கள். சிலருக்கு மறுபடியும் கெட்டது. ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தன் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஊர் கூடிக் கேட்ட பிறகு 2018 ஜூனில், வாங்கிய நாளிலிருந்து நாலு வருஷத்துக்கு இலவச சர்வீஸ் என்று கம்பெனி அறிவித்தது. 2019 கடைசியில் பழைய வகைக் கீபோர்டுக்கே திரும்பப் போனது. வழக்கு 2022-இல் 5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது, தவறு என்று ஒப்புக்கொள்ளாமலே. ஒரு ஆள் கேட்டால் கஸ்டமர் டேமேஜ், ஆயிரம் ஆள் கேட்டால் டிசைன் கோளாறு.

பிரெஞ்சில் படித்ததால் ஒரு லாபம், அங்கே சட்டம் என்ன சொல்கிறது என்று நேராகவே படித்துப் பார்க்கலாம். நெப்போலியன் காலத்து 1804-ஆம் வருஷ கோத் சிவிலில் 1641-ஆம் பிரிவிலேயே வீஸ் காஷே, அதாவது மறைந்திருக்கும் குறை, என்று ஒன்று உண்டு. வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாத குறைக்கு விற்றவர் பொறுப்பு. இப்போது அங்கே நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் சட்டம் இன்னும் தெளிவு. புதுப் பொருளுக்கு, கம்பெனி என்ன எழுதிக் கொடுத்தாலும், சட்டப்படி இரண்டு வருஷம் உத்தரவாதம். அந்த இரண்டு வருஷத்தில் வெளிப்படும் குறை வாங்கும்போதே இருந்தது என்றுதான் வைத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்ட வேண்டியது விற்றவர். 30 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். சரிசெய்தும் குறை தொடர்ந்தால் பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். ரிப்பேரில் இருக்கும் நாளில் வாரண்டிக் கடிகாரம் நிற்கும். 2022 ஜனவரியிலிருந்து இன்னொன்றும் சேர்த்தார்கள்: சட்ட உத்தரவாதத்தில் ரிப்பேர் ஆன பொருளுக்கு ஆறு மாசம் கூடுதல். என் 59 நாளுக்கு அங்கே பதில் இருக்கிறது.

பிரான்சைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. நம்மிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. 2019-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம் எங்கோ இருக்கிறது என்று அலைய வேண்டாம். பொருளின் விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் கிடையாது. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். குறையை நீக்கு, பொருளை மாற்று, பணத்தைத் திருப்பு, நஷ்டஈடு கொடு என்று உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகாரைப் பதியலாம். 2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, ரிப்பேர் செய்துகொள்ளும் உரிமைக்காக மத்திய அரசு ஒரு இணையதளமும் தொடங்கியது.

நம் சட்டத்தில் இல்லாதது அந்தக் கடிகாரம்தான். எனக்குத் தோன்றும் திருத்தம் மூன்று. ரிப்பேரில் கிடக்கும் நாள் வாரண்டியில் கழியக்கூடாது. ஒரே பாகம் இரண்டாம் தடவை கெட்டால், மூன்றாம் தடவை ரிப்பேர் என்று பேசாமல் பொருளையோ பணத்தையோ கொடுக்க வேண்டும். ஈரம், அரிப்பு என்று காரணம் சொல்லி வாரண்டியை மறுத்தால், அது உபயோகித்தவரின் கவனக்குறைவால் வந்தது என்பதைக் கம்பெனிதான் எழுத்தில் காட்ட வேண்டும்.

விலை ஏறிவிடும் என்று சொல்வார்கள். கொஞ்சம் ஏறலாம். இப்போது அந்தச் செலவு இல்லாமல் இல்லை. பஸ் கட்டணமாகவும் வீணான நாளாகவும் நம் தலையில்தான் விழுகிறது. தயாரிப்பவர் தலையில் விழுந்தால் அவர் போர்டின் மேல் ஒரு பூச்சுப் பூசுவதைப் பற்றி யோசிப்பார். நம் தலையில் விழும்வரை அவர் ஏன் யோசிக்க வேண்டும்?

"விட்டுத் தள்ளுங்கப்பா, புதுசு வாங்கிடலாம்" என்கிறான் என் மகன். பிள்ளைகள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் புதுசும் இதே காற்றில்தான் இருக்கப்போகிறது, இதே வாரண்டியில்தான் வரப்போகிறது. தவிர, பென்ஷனில் வாழ்கிறவனுக்கு ஒரு லேப்டாப்பின் விலை சின்ன விஷயம் இல்லை.

சட்டம் மாறும்வரை நமக்கு இருக்கும் ஆயுதம் தாள்தான். பில்லை முதல் நாளே போட்டோ எடுத்து வையுங்கள், கடை பில்லின் எழுத்து ஒரு வருஷத்தில் மங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் ஜாப் ஷீட் கேட்டு வாங்குங்கள். அதில் நாம் சொன்ன கோளாறு நம் வார்த்தையில் இருக்க வேண்டும். "செக் அண்ட் ரிப்பேர்" என்று மட்டும் எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். திரும்ப வாங்கும்போது எந்தப் பாகம் மாற்றினார்கள், என்ன தேதி என்று எழுதி வாங்குங்கள். வெளியில் கீறல் இல்லை என்பதற்குக் கொடுக்கும் முன் நாலு பக்கமும் போட்டோ. உள்ளே இருக்கும் போட்டோ, கடிதங்களை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள், போர்டு மாற்றினால் அதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். போனில் சொன்னதை அன்றே ஈமெயிலில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். வாய் வார்த்தைக்குக் கோப்பில் இடமில்லை என்பது உங்களில் அரசு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நானும் அப்படித்தான் செய்தேன். முதல் தடவையும் மூன்றாம் தடவையும் கோளாறு ஒன்றே என்பதை இரண்டு ஜாப் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். முதலில் போட்டதும் அவர்கள் போர்டுதான், மாற்றி ஏழு மாசம்தான் ஆகிறது, ஈரம் புகுந்தது என்றால் எப்படி, எப்போது என்று எழுத்தில் தரவும் என்று கேட்டேன். பத்து நாள் கழித்துப் பணம் வாங்காமல் போர்டை மாற்றிக் கொடுத்தார்கள். ஈரத்தைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை.

லேப்டாப் இப்போது ஓடுகிறது, இதை அதில்தான் அடிக்கிறேன். வாரண்டி மட்டும் அது வீடு வந்த பதினோராம் நாள் முடிந்துவிட்டது. அந்த 59 நாளைச் சேர்த்துக் கொடுங்கள் என்று எழுதிய இரண்டாவது கடிதத்துக்கு, கம்பெனி விதியில் அப்படி இடமில்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலையும் கோப்பில் வைத்திருக்கிறேன். இதேபோல் பதில் உங்களிடமும் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், 1915-க்கு ஒரு போன் செய்து பதிந்துவிடுங்கள். விதியில் இடம் வேண்டும் என்று கேட்கும்போது, இடமில்லை என்ற தாள்கள் எத்தனை என்பதைத்தான் முதலில் எண்ணுவார்கள்.