எல்லாம் ஒப்புக்கொடுத்தாச்சு... ஜாதியைத் தவிர!

கன்வென்ஷன் கூட்டங்களுக்குப் போனவர்களுக்கு அந்தக் கடைசி பத்து நிமிடம் தெரியும். கீபோர்டு மெதுவாக ஒலிக்கும். "முழுவதுமாய் ஒப்புக்கொடுக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்" என்பார் பிரசங்கியார். மைதானம் முழுக்க கைகள், அழுகை... நடிப்பு இல்லை, உண்மையான கண்ணீர்தான்.

அதே குடும்பங்கள் மகளுக்கு வரன் தேடி விளம்பரம் கொடுக்கும்போது பாருங்கள். "மறுபடியும் பிறந்த, ஞானஸ்நானம் பெற்ற மணமகன் தேவை." ரொம்ப நல்லது. அடுத்த வரி? ஜாதி. சிலர் உட்பிரிவையும் சேர்த்தே போடுகிறார்கள்!!

திவால் மனு போடுகிறவர் தன் சொத்து அத்தனையையும் கோர்ட்டில் காட்ட வேண்டும். ஒரு வீட்டை மறைத்துவிட்டு "மீதி எல்லாம் காட்டினேனே" என்றால் செல்லாது. அப்போஸ்தலர் 5-ஆம் அதிகாரத்தில் அனனியா-சப்பீராள் கதையும் இதுதான். நிலத்தை விற்றார்கள், ஒரு பங்கை ஒளித்து வைத்தார்கள். "ஏன் முழுசா தரலை?" என்று பேதுரு கேட்கவே இல்லை. நிலமும் பணமும் அவர்கள் இஷ்டம்தான் என்கிறார். பாதியைக் கொடுத்துவிட்டு முழுசு என்று சொன்னதுதான் குற்றம். (காணிக்கைப் பிரசங்கத்துக்கு மட்டும் இந்த அதிகாரம் ஞாபகம் வருவது தனிக்கதை.)

இது இன்றைக்கு முளைத்த வியாதியும் இல்லை. 1833-லேயே கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதி வித்தியாசத்தை விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். ஒன்றாக உட்காருவது, சேர்ந்து நற்கருணை வாங்குவது எல்லாம் அதில் அடங்கும். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள்! வில்சனுக்கு முன்பே மிஷனரிகள் இதில் கை வைத்தபோது எதிர்த்து எழுதியவர்களில் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். அவர் பாட்டு இல்லாமல் இன்றைக்கும் தமிழ் ஆராதனை நடக்காது. பக்திக்குக் குறைவில்லாத மனிதர். இந்த ஒன்றை மட்டும் விட முடியவில்லை.

"அதெல்லாம் பழைய கதை" என்பவர்களுக்கு எறையூர் ஞாபகம் இருக்கட்டும். அப்போதைய விழுப்புரம் மாவட்டம், 2008 மார்ச். தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். மோதல் வந்தது, போலீஸ் சுட்டதில் இருவர் செத்தார்கள். இரண்டு பக்கமும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016-ல் கொள்கை அறிக்கை போட்டு ஒப்புக்கொண்டது.

"கல்யாணம் வேற, ஆராதனை வேற. சொந்தக்காரங்களுக்கு யார் பதில் சொல்றது?" என்பதுதான் வழக்கமான பதில். சிகரெட், சினிமா, நகை எல்லாவற்றையும் விடச் சொல்லும்போது மட்டும் இந்தச் சொந்தக்காரர்கள் எங்கே போனார்கள்? குடியை விட்டவர் மேடையேறி சாட்சி சொல்கிறார். ஜாதியை விட்டேன் என்று சாட்சி சொன்னவரை எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்?

அடுத்த கன்வென்ஷனில் பிரசங்கியார் ஒன்று செய்யலாம். "முழுவதுமாய்" என்ற பொதுவான வார்த்தையை விட்டுவிட்டு, "பக்கத்துச் சேரியில் இருக்கும் விசுவாசியின் வீட்டில் சம்பந்தம் வைக்கத் தயாராக இருப்பவர்கள் மட்டும் கையை உயர்த்துங்கள்" என்று கேட்கட்டும். கீபோர்டு வேண்டுமானால் வாசிக்கட்டும்.