சீட்டாட்டம் குழந்தைகளைக் கெடுக்குமா?

"சீட்டைத் தொடாதே! உருப்பட மாட்டாய்!"

சீட்டுக்கட்டைக் கண்டதும் பல வீடுகளில் பெரியவர்கள் போடும் சத்தம் இது.

அவர்கள் பயப்படுவதில் நியாயம் உண்டு. சீட்டாடிச் சொத்தை இழந்தவர்கள் எத்தனையோ பேர். சூதைக் கண்டிப்பதற்கு என்றே திருவள்ளுவர் ஓர் அதிகாரம் எழுதினார். அது திருக்குறளில் 94-வது அதிகாரம்.

ஆனால், குடும்பங்களைக் கெடுத்தது சீட்டா? பணமா?

பணம்தான்! பந்தயம் வைத்தால் கோலி விளையாட்டும் சூதுதான். பந்தயம் இல்லை என்றால், சீட்டுக்கட்டு என்பது படம் போட்ட 52 அட்டைகள். அவ்வளவுதான்.

சீட்டுக்கட்டைப் பரண் மேல் ஒளித்து வைத்தால் ஆபத்து நீங்கிவிடாது. சூது செல்போனுக்குள்ளும் புகுந்தது. அதைத் தடுக்கத் தமிழக சட்டசபை 2022-ம் ஆண்டு மசோதா நிறைவேற்றியது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து, 2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பாராளுமன்றமும் சட்டம் கொண்டு வந்தது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பிள்ளைகளின் மனதைப் பக்குவப்படுத்த வேண்டியது யார்? பெற்றோர்தான்! அதற்குச் சீட்டுக்கட்டே உதவும்.

கணக்கு வாத்தியார்

சிறு குழந்தைக்குச் சீட்டு ஒரு கணக்கு வாத்தியார். ஏழாம் சீட்டில் 7 என்ற எண் இருக்கிறது. ஏழு படங்களும் இருக்கின்றன. எண் எது, அதன் அளவு எது என்று ஒரே அட்டை காட்டிவிடுகிறது.

கட்டை இரண்டாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு சீட்டாகத் திருப்பிப் போடட்டும். பெரிய எண் போட்டவருக்கு இரண்டு சீட்டும் சொந்தம். 5 பெரிதா, 8 பெரிதா என்று ஐந்து வயதுக் குழந்தையும் தானே தெரிந்துகொள்ளும்.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு வேறு கணக்குக் கொடுக்கலாம். ஆஸ் 1, ஜாக்கி 11, ராணி 12, ராஜா 13 என்று வைத்து, ஓர் இனத்தின் 13 சீட்டுகளையும் கூட்டச் சொல்லவேண்டும். 91 வரும். நாலு இனத்துக்கும் சேர்த்து 364. ஜோக்கருக்கு ஒன்று சேர்த்தால் 365. ஒரு வருடத்தின் நாட்கள்!

விளையாட்டால் கணக்கு வரும் என்பதற்கு ஆராய்ச்சியும் உண்டு. அமெரிக்காவில் கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்ற இரு அறிஞர்கள் ஏழைக் குழந்தைகளை ஒரு கட்ட விளையாட்டு ஆட வைத்தார்கள். கட்டங்களில் 1 முதல் 10 வரை எண்கள் இருந்தன. குழந்தைகள் ஆடியது மொத்தம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். அதற்குள் அவர்களுடைய எண் அறிவு வளர்ந்தது. வெறும் வண்ணக் கட்டங்களில் ஆடிய குழந்தைகளுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2008-ம் ஆண்டு இந்த முடிவு வெளியாயிற்று.

கழுதை ஆட்டம்

கணக்கைவிடப் பெரிய பாடம் ஒன்று உண்டு. அதைக் கற்றுக் கொடுப்பது "கழுதை" ஆட்டம்.

எல்லாச் சீட்டையும் பங்கு போடுகிறார்கள். ஒருவர் இஸ்பேட் இறக்கினால், மற்றவர்களும் இஸ்பேட் போடவேண்டும். இஸ்பேட் இல்லாதவர் வேறு சீட்டைப் போட்டு வெட்டலாம். அப்போது இறங்கிய இஸ்பேடுகளில் பெரியதைப் போட்டவர், எல்லாச் சீட்டையும் அள்ளிக்கொள்ள வேண்டும். கடைசியில் சீட்டோடு நிற்பவர்தான் கழுதை!

ஒருவர் கையில் இருக்கும் சீட்டு அடுத்தவர் கண்ணுக்குத் தெரியாது. இஸ்பேட்டை வைத்துக்கொண்டே "இல்லை" என்று பொய் சொல்ல முடியும். யாரும் பார்க்காத இடத்திலும் நேர்மையாக இருக்கும் பழக்கத்தை இந்த ஆட்டம் கேட்கிறது. பொய் சொன்னால், ஒளித்த சீட்டு பிறகு வெளியே வந்து ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும்!

எல்லாவற்றையும்விட முக்கியம், தோற்கப் பழகுவது. இந்த முறை தம்பி கழுதை. அடுத்த முறை அப்பாவே கழுதை! யாருக்கும் நஷ்டம் இல்லை. சீட்டைக் கலைத்துப் போட்டால் எல்லோருக்கும் புது ஆட்டம்.

சூதாடி ஏன் அழிகிறான்? தோல்வியைத் தாங்க முடியாமல், "விட்டதைப் பிடிக்கிறேன்" என்று மேலும் மேலும் பணத்தை வைக்கிறான். தோற்றதும் சிரித்துவிட்டுச் சீட்டைக் கீழே வைக்கும் பழக்கம் சிறு வயதிலேயே வரவேண்டும். பரீட்சையிலும் வேலையிலும் அது கைகொடுக்கும்.

பெற்றோர் கவனத்துக்கு

பிள்ளை அழுமே என்று பெரியவர்கள் எப்போதும் விட்டுக் கொடுக்கக்கூடாது. அப்படிச் செய்தால் அந்தப் பாடமே போய்விடும்.

தோற்ற பிள்ளையை ஆட்டம் முடிந்த பிறகும் "கழுதை" என்று கேலி செய்யக்கூடாது.

பாடம் படித்த பிறகு அரை மணி நேரம் ஆடினால் போதும். பெரியவர் ஒருவர் கூட உட்காரவேண்டும்.

பந்தயம் கூடவே கூடாது. காலணா மிட்டாய் ஆனாலும் பந்தயம் பந்தயம்தான்!

வீட்டில் சீட்டுக்கட்டு இருக்கட்டும். அதன் பக்கத்தில் பணம் மட்டும் வரவேண்டாம்.