மலை யாருக்குச் சொந்தம்?

மலை ஏறுவது பணக்காரர்களின் பொழுதுபோக்கு, அதில் நமக்கென்ன என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். சரித்திரம் வேறு சொல்கிறது.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளிகள் ஞாயிற்றுக்கிழமையில் நல்ல காற்றைத் தேடிப் போனது கிண்டர் ஸ்கவுட் மலைப் பக்கம். நிலப்பிரபுக்களோ தாங்கள் பறவை சுட்டு விளையாட அதை அடைத்து, காவலாட்களை நிறுத்தினார்கள். 1932 ஏப்ரல் 24ந் தேதி சுமார் 400 பேர், பென்னி ராத்மன் என்ற 20 வயதுக் கம்யூனிஸ்ட் வாலிபர் தலைமையில், தடையை மீறி ஏறினார்கள். ஐந்து பேருக்குச் சிறை. ராத்மனுக்கு 4 மாதம். கோரிக்கை சிறையோடு அடங்கிவிட்டதா? இல்லை. 1949ல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951ல் அந்தப் பிரதேசமே பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாயிற்று.

நம் மதுரைச் சீமையைப் பாருங்கள். 2022ல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது அரிட்டாபட்டி. 2024 நவம்பரில் அதையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டது மத்திய சர்க்கார். எடுத்தது ஹிந்துஸ்தான் ஜிங்க் கம்பெனி. மேலூர் வட்டார விவசாய ஜனங்கள் ஆணும் பெண்ணுமாகத் திரண்டு, 2025 ஜனவரி 7ந் தேதி மதுரைக்கு ஊர்வலம் போனார்கள். ஜனவரி 23ந் தேதி ஏலம் ரத்தாயிற்று.

அயனம்பாக்கம் ஏரிக்கரையில் காற்று வாங்கும் தொழிலாளித் தோழர்களே! மலையும் ஏரியும் எவர் தயவாலும் நமக்குத் திறந்திருக்கவில்லை. அடைக்க எவன் வந்தாலும், மனுவை நீட்டிவிட்டு வீட்டில் காத்திராதீர்கள். சங்கத்தில் பேசுங்கள், ஊர் ஜனங்களோடு சேர்ந்து நில்லுங்கள்!