திறந்து கிடக்கும் தாவல்களும் தெரியாத காவலாளியும்



பொறியியல் கல்லூரிச் சேர்க்கைக்கான இணையவழிக் கலந்தாய்வு நடைபெற்ற நாட்களில், அறந்தாங்கியில் உள்ள என் தங்கையின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவளுடைய மகள் கணினியின் முன் கன்னத்தில் கை வைத்து அமர்ந்திருந்தாள். விரும்பும் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் குறித்த நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும். அதற்காக ஒவ்வொரு கல்லூரியின் பக்கத்தையும், கட்டண விவரத்தையும், விடுதி விவரத்தையும் தனித்தனியே திறந்து வைத்திருந்தாள். உலாவியின் தலைப்பில் ஐம்பதுக்கு மேற்பட்ட தாவல்கள், பெயர்கூடப் படிக்க இயலாதபடி நெருக்கியடித்து நின்றன. பழைய கணினியோ ஒரு சொடுக்கிற்கு ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டது.

பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவர் வந்து, உலாவியில் ஒரு நீட்சியை நிறுவிக் கொடுத்தார். ‘ஆட்-ஆன்’ என்றும் ‘எக்ஸ்டென்ஷன்’ என்றும் பிள்ளைகள் கூறுவது இதனையே. ஒரே சொடுக்கில் தாவல்கள் அனைத்தும் மூடப்பட்டு, அவற்றின் முகவரிகள் ஒரு பட்டியலாக வந்து நின்றன. கணினி மூச்சுவிட்டது, பிள்ளையின் முகமும் மலர்ந்தது.

அன்று மாலை, திருச்சியில் படிக்கும் அவளுடைய அண்ணன் விடுமுறைக்கு வந்தான். உலாவியில் அறிமுகமில்லாத அடையாளம் ஒன்றைக் கண்டவன், ஏதோ வைரஸ் என்று எண்ணி அதனை நீக்கிவிட்டான். நீட்சியோடு பட்டியலும் போயிற்று. “மாமா, எல்லாம் போச்சு!” என்று அவள் அழுத அழுகையைக் கண்டு வீடே கலங்கியது. நன்னி மட்டும் அமைதியாக, “ஒரு தாள்ல எழுதி வைக்கலையாம்மா?” என்று கேட்டார்கள். எங்களில் எவரிடமும் அதற்கு விடையில்லை.

உலாவியின் ‘வரலாறு’ பகுதியைத் திறந்து, சென்று வந்த பக்கங்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, அவள் குறிப்பேட்டில் எழுதி முடிக்கையில் நள்ளிரவு தாண்டிவிட்டது. இறையருளால் விருப்பப் பட்டியல் உரிய நாளுக்குள் பதிவாயிற்று. அன்றிரவு கற்ற பாடத்தைத்தான் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

தாவல்கள் பெருகினால் கணினி ஏன் தளர்கிறது? நாம் பார்க்காத பக்கமும் திறந்திருக்கும் வரை கணினியின் நினைவகத்தில் இடம் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. விளம்பரமும் காணொளியும் மிகுந்த பக்கமாயின் இன்னும் அதிக இடம் வேண்டும். ஆளில்லாத அறைகளிலெல்லாம் மின்விசிறி சுழல்வதைப் போன்றது இது. இதற்கு இரு வகை நீட்சிகள் உண்டு. ஒரு வகை, தாவல்களை மூடிவிட்டு முகவரிகளைப் பட்டியலிடும். மற்றொரு வகை, நெடுநேரம் பார்க்கப்படாத தாவலை உறங்க வைத்து, நாம் மீண்டும் தொட்டவுடன் எழுப்பும்.

இரண்டாம் வகையில் உலகப் புகழ் பெற்றிருந்தது ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ என்னும் நீட்சி. குரோம் உலாவியில் இருபது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அதனை நம்பிப் பயன்படுத்தினர். 2020 ஜூன் மாதத்தில் அதனை உருவாக்கியவர் வேறொருவருக்கு விற்றார். வாங்கியவர் யார் என்பது வெளிப்படவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் வந்த புதிய பதிப்பில், வெளியிலிருந்து கட்டளைகளைத் தருவித்து இயக்கக்கூடிய நிரல் சேர்க்கப்பட்டிருப்பதை விவரம் அறிந்தோர் கண்டறிந்தனர். 2021 பிப்ரவரி 4 அன்று, தீங்கிழைக்கும் நிரல் உள்ளது என்று கூறி, கூகுள் நிறுவனம் அதனை நீக்கியதோடு, பயனர்களின் கணினிகளிலும் முடக்கியது.

அத்துடன் முடியவில்லை. அந்நீட்சி உறங்க வைத்த தாவல்கள் அனைத்தும் அதன் சொந்தப் பக்கங்களாக மாற்றப்பட்டிருந்தன. எனவே அது முடங்கியதும் அவையும் மறைந்தன. வரலாற்றுப் பகுதியில் எஞ்சியிருந்த நீண்ட முகவரிகளின் வால்பகுதியிலிருந்து மூல முகவரியைப் பிரித்தெடுத்துப் பலர் தம் பக்கங்களை மீட்டனர்.

இங்கு நாம் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அண்டை வீட்டாரை நம்பி நம் வீட்டுச் சாவியை அமானிதமாகக் கொடுக்கிறோம். அவர் நம்மிடம் கேளாமலேயே அச்சாவியை முன்பின் தெரியாத ஒருவருக்கு விற்றுவிட்டால் எப்படி இருக்கும்? நீட்சிகளின் நிலை இதுவே. நிறுவும்போது, “எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவுகள் அனைத்தையும் படிக்கவும் மாற்றவும்” அனுமதி கேட்கும் நீட்சிகள் பல. நாமும் படியாமலே ‘சரி’ என்று அழுத்திவிடுகிறோம். அதன்பின் புதிய பதிப்புகள் தாமாகவே வந்து அமரும். கூடுதல் அனுமதி கேட்டால்தான் உலாவி நம்மை எச்சரிக்கும். முன்பே முழு அனுமதி பெற்றிருந்தால் எச்சரிக்கைக்கும் இடமில்லை. வெளிநாட்டிலிருந்து அத்தா அனுப்பும் பணம் வந்துசேரும் வங்கிக் கணக்கை அதே உலாவியில்தானே திறக்கிறோம்?

இது நிற்க. இன்று இத்தகைய வசதிகள் பலவும் உலாவிகளுக்குள்ளேயே வந்துவிட்டன. குரோம் உலாவியில் தாவல்களைக் குழுக்களாகப் பிரித்துப் பெயரும் நிறமும் இடும் வசதி 2020இல் வந்தது. பார்க்காத தாவல்களை உறங்க வைக்கும் ‘மெமரி சேவர்’ 2022 டிசம்பரில் சேர்ந்தது. பயர்பாக்ஸ் உலாவி 2025 ஏப்ரலில் தாவல் குழுக்களை வழங்கியது. நம் தமிழகத்தின் சோஹோ நிறுவனம் 2023இல் வெளியிட்ட உலாவிக்கு ‘உலா’ என்று அழகு தமிழிலேயே பெயர். அலுவலுக்கும், இல்லத்திற்கும், சிறுவர்களுக்கும் தனித்தனி முறைகள் அதில் உண்டு. இந்திய அரசு நடத்திய உள்நாட்டு உலாவி உருவாக்கப் போட்டியில் 2025 மார்ச்சில் முதற்பரிசாக ஒரு கோடி ரூபாய் பெற்றது அதுவே.

ஆகவே, பிள்ளைகள் கணினி பயன்படுத்தும் இல்லங்களில் கீழ்க்காண்பவற்றைக் கடைப்பிடியுங்கள்.

முதலாவதாக, உலாவியிலேயே உள்ள வசதி போதுமா என்று பாருங்கள். போதுமெனில் நீட்சி வேண்டாம்.

இரண்டாவதாக, நீட்சி தேவையெனில் அது கேட்கும் அனுமதியை நிதானமாகப் படியுங்கள். நீட்சிகளுக்கான பக்கத்தில், ‘சொடுக்கும்போது மட்டும்’ இணையதளங்களை அணுகும்படி பலவற்றைக் கட்டுப்படுத்தலாம். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அப்பக்கத்தைத் திறந்து, பயன்படாதவற்றை நீக்கிவிடுங்கள்.

மூன்றாவதாக, நீக்கும் முன் அதனுள் யாருடைய பட்டியலேனும் இருக்கிறதா என்று வீட்டாரைக் கேளுங்கள். அத்தகைய நீட்சிகளில் பல, பட்டியலைத் தமக்குள்ளேயே வைத்திருக்கின்றன.

நான்காவதாக, முக்கியமான பக்கங்களைத் தாவலாகத் தொங்கவிடாமல், புத்தகக்குறியாகச் சேமியுங்கள். திறந்திருக்கும் தாவல்கள் அனைத்தையும் ஒரே உறையில் புத்தகக்குறியிடும் வசதி குரோமிலும் பயர்பாக்ஸிலும் உண்டு.

ஐந்தாவதாக, படிவத்தைப் பாதி நிரப்பிய நிலையில் அத்தாவலை உறங்க விடாதீர்கள். விழித்தெழும்போது பக்கம் புதிதாக ஏற்றப்படும், தட்டெழுதியது மறைந்துபோகக்கூடும். சேமித்த பின்னரே எழுந்து செல்லுங்கள்.

ஆறாவதாக, இ-சேவை மையம் போன்ற பொதுக் கணினிகளில் நம் கணக்கிலிருந்து வெளியேறிய பின்னரே தாவலை மூட வேண்டும். தாவலை மூடுவது வேறு, கணக்கிலிருந்து வெளியேறுவது வேறு.

என் தங்கை மகள் இப்போது கல்லூரியில் பயில்கிறாள். இப்போதும் தாவல்கள் நிறையத்தான் திறக்கிறாள். ஆனால் அவள் மேசையில் ஒரு குறிப்பேடு இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில், “நன்னி கேட்டது” என்று தலைப்பிட்டு முக்கிய முகவரிகளை எழுதி வைத்திருக்கிறாள். உங்கள் இல்லத்திலும் அப்படியொரு குறிப்பேடு இருக்கட்டும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.