சினிமாவும் வடசென்னையும்

சினிமாப் படங்களைப் பற்றி மனதில் பட்டதைப் பட்டபடி சொல்லுவது என்பது நம் நாட்டில் சாமியைக் குறை சொல்லுவதைவிட ஆபத்தான காரியமாக ஆகிவிட்டது. சாமியைக் குறை சொன்னால் பக்தன் ஒருவன்தான் கோபித்துக் கொள்ளுவான். நடிகரைக் குறை சொன்னாலோ பக்தனும் கோபித்துக் கொள்ளுகிறான், நாஸ்திகனும் கோபித்துக் கொள்ளுகிறான். ஆனபோதிலும் டிக்கட்டுக்குக் காசு கொடுத்தவனுக்குத் தன் அபிப்பிராயத்தைச் சொல்ல உரிமை உண்டு என்பதை யாரும் மறுக்க முடியாது. கத்தரிக்காய் வாங்குகிறவன்கூட சொத்தையா நல்லதா என்று புரட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறான். மூன்று மணி நேரத்தையும், கூலியில் ஒரு பங்கையும் கொடுத்து வாங்குகிற சரக்கை மாத்திரம் ஏன் புரட்டிப் பார்க்கக் கூடாது என்று கேட்கின்றோம்.

வள்ளூர், அத்திப்பட்டு, எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் முதலிய இடங்களிலுள்ள நம் தோழர்களுக்கு இந்தக் கேள்வி மற்றவர்களைவிட அதிக முக்கியமானதாகும். ஏனெனில் இப்பக்கத்து மக்கள் சினிமாவைப் பார்க்கிறவர்கள் மாத்திரமல்ல. சினிமாவில் பார்க்கப்படுகிறவர்களும் ஆவார்கள். வேலை கேட்கப் போன இடத்திலும், வாடகைக்கு வீடு கேட்கப் போன இடத்திலும் “எந்தப் பக்கம்?” என்று கேட்டு, காசிமேடு என்றோ வியாசர்பாடி என்றோ பதில் வந்தவுடன் முகம் மாறுகிற மனிதர் அந்த ஊருக்கு ஒரு நாளாவது வந்து பார்த்தவரா? பெரும்பாலும் இல்லை. சினிமாவில் பார்த்தவர்தான். ஆகவே படம் நன்றாயிருக்கிறதா என்பதோடு, அதில் உழைக்கிறவன் மனிதனாக இருக்கிறானா, பார்த்துவிட்டு வருகிறவன் யோசித்துக்கொண்டு வருகிறானா அல்லது கும்பிட்டுக்கொண்டு வருகிறானா என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.

முதலில் நம் கொள்கைக்கு நேர் விரோதமான படம் ஒன்றையே எடுத்துக்கொள்ளுவோம். 1965-இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த “திருவிளையாடல்” புராணப் படந்தான். ஆனால் அதில் நாகேஷ் நடித்த தருமியை ரசிக்காதவன் ரசிகனல்ல. பொற்காசுக்கு ஏங்கி நிற்கிற அந்தப் புலவனின் ஏழ்மை, புராணத்தை எல்லாம் மீறிக்கொண்டு உண்மையாக நிற்கின்றது. நக்கீரன் வருகிற கட்டமோ அதைவிட விசேஷமானது. கடவுளே எழுதினாலும் பிழையைப் பிழை என்றே சொல்லுவேன் என்று ஒரு மனிதன் நிமிர்ந்து நிற்கிறான். பகுத்தறிவுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அடுத்த நிமிஷத்தில் நடப்பதென்ன? வாதத்துக்குப் பதில் சொல்ல முடியாத கடவுள் கண்ணைத் திறந்து எதிராளியைப் பொசுக்குகிறார். பொசுங்கினவன் பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுகிறான். கொட்டகையும் அதற்குக் கை தட்டுகிறது! நல்ல நடிப்பும் நல்ல தமிழும் ஒரு கெட்ட நியாயத்தை எவ்வளவு சுலபமாக விழுங்க வைத்துவிடும் என்பதற்கு இதுவே போதுமான அத்தாட்சியாகும்.

நல்ல நடிப்பு கெட்ட வழக்கத்தை உண்டாக்கும் என்பதற்கு நம் பேச்சே இன்னொரு சாட்சி. 1958-இல் வந்த “சபாஷ் மீனா”வில் ரிக்‌ஷாக்காரராக வந்து சென்னைப் பாஷை பேசிய சந்திரபாபுவின் திறமை அபாரமானது என்பதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் அதற்குப் பின் நீண்ட காலத்துக்கு அந்தப் பேச்சு சினிமாவில் சிரிப்பு மூட்டுகிறவனுக்கும் கத்தி தூக்குகிறவனுக்கும் உரிய பேச்சாகவே வைக்கப்பட்டது. அதே பேச்சில் ஒரு தாய் பிள்ளைக்குப் புத்தி சொல்லுகிறாள், ஒரு தொழிலாளி சங்கத்தில் நியாயம் பேசுகிறான் என்பது படமெடுக்கிறவர்களில் பலருக்கும் தோன்றவே இல்லை.

2014-இல் பா. இரஞ்சித் எடுத்த “மெட்ராஸ்” இந்த வழக்கத்தை உடைத்தது. வியாசர்பாடி வீட்டு வசதிக் குடியிருப்பில் பிறந்து கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருவன் அதில் கதாநாயகன். ஒரு சுவரில் யார் படம் வரைவது என்பதற்காகக் கட்சிக்காரர்கள் மோதிக்கொள்ள, ஏழைப் பிள்ளைகள் சாகிறார்கள். சாகிறவனும் அந்தக் குடியிருப்புக்காரன். காட்டிக் கொடுக்கிறவனும் அந்தக் குடியிருப்புக்காரன். இலாபம் மாத்திரம் வேறு இடத்துக்குப் போய்ச் சேருகிறது. இதைத் தெளிவாகச் சொன்ன படம் என்பதால், கடைசியில் கதாநாயகன் ஒருவனே எல்லோரையும் அடித்துச் சாய்க்கிற வழக்கமான சண்டையைக்கூட நாம் பொறுத்துக் கொள்ளலாம்.

2018-இல் வெற்றிமாறன் எடுத்த “வடசென்னை” தொழில் திறமையில் மிக உயர்ந்த படம். வளர்ச்சி என்ற பேரால் குப்பத்து மக்களைக் கிளப்பப் பார்க்கையில், இது எங்கள் ஊர் என்று இராஜன் எதிர்த்து நிற்கிற பகுதி நம் மனதை விட்டு அகலாது. ஆனால் ஒளிக்காமல் சொல்லுவதென்றால், அந்த அருமையான விஷயத்தை ஜெயிலுக்குள்ளும் கத்திக்குத்துக்குள்ளும் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். ஒரு பெருநகரத்தின் பாதியையே படத்துக்குப் பேராக வைத்துவிட்டு, அந்தப் பாதியில் பெரும்பாலும் கொலைகாரர்களையே காட்டினால் வெளியூரான் என்ன நினைத்துக்கொள்ளுவான்? “ரவுடிகள் அங்கு இல்லையா?” என்று சிலர் கேட்கக்கூடும். உண்டு, இல்லையென்று நாம் சொல்லவில்லை. எந்த ஊரில் இல்லை என்றுதான் கேட்கிறோம். பேங்கில் கோடிக்கணக்காகச் சுருட்டிக்கொண்டு கப்பலேறுகிறவன் குடியிருந்த தெருவின் பேரை யாராவது படத்துக்கு வைக்கிறார்களா?

2021-இல் கொட்டகைக்கு வராமல் நேராக வீட்டுக்கே வந்த “சார்பட்டா பரம்பரை”யை நாம் இவற்றுக்கெல்லாம் மேலாக வைப்போம். கதாநாயகன் துறைமுகத்துக் கூலித் தொழிலாளி. 1970-களின் நடுவில், நெருக்கடி நிலைக் காலத்தில் நடக்கிற கதை. குத்துச்சண்டை மேடையில் அவன் வாங்குகிற குத்துக்குள் ஜாதியும் இருக்கிறது, அரசியலும் இருக்கிறது. வாத்தியார் ரங்கனாக வருகிற பசுபதி, வடசென்னைப் பேச்சுக்கு ஒரு கம்பீரத்தையே உண்டாக்கிவிட்டார். மாரியம்மாள் புருஷனைக் கும்பிடுகிற மனைவியல்ல. கேள்வி கேட்கிற மனைவி. பின்பாதி நீளம் என்பதும், சாராயத்தில் விழுந்து எழுந்திருக்கிற பகுதியைப் பாதியாகக் குறைத்திருக்கலாம் என்பதும் நம் அபிப்பிராயம்.

“காக்கா முட்டை” 2015-இல் கொட்டகைகளுக்கு வந்தது. கதை நடப்பது சைதாப்பேட்டைப் பக்கமானாலும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அது சொந்தப் படமே. சரக்கு ரயிலிலிருந்து சிந்துகிற நிலக்கரியைப் பொறுக்கி விற்றுக் காசு சேர்க்கிற இரண்டு சிறுவர்கள் பீட்சாவுக்கு ஆசைப்படுகிறார்கள். காசு இருந்தும் கடை வாசலில் அடி வாங்குகிறார்கள். பணமில்லாதது மாத்திரம் ஏழ்மையல்ல, வாசலில் நிறுத்தப்படுவதுதான் ஏழ்மை என்பதை ஒரு பிரசங்கமும் இல்லாமல் அப்படம் காட்டிவிடுகிறது. முடிவில் பீட்சாவைத் தின்று பார்த்துவிட்டு, ஆயா சுட்ட தோசையே தேவலை என்று அச்சிறுவர்கள் கண்டுகொள்ளுவது நம் பெரியவர்கள் பலருக்கும் இன்னும் வராத புத்தியாகும்.

மீஞ்சூர்க்காரரான கோபி நயினார் 2017-இல் எடுத்த “அறம்” வள்ளூர்க்காரர்களுக்கு அடுத்த வீட்டுக் கதை மாதிரி. ஒரு பக்கம் ஆகாயத்துக்கு ராக்கெட் போகிறது; இன்னொரு பக்கம் குடிக்கத் தண்ணீரில்லாத ஊரில் ஒரு குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுகிறது. தூக்குவதற்குக் கருவி இல்லை. இன்னொரு குழந்தையைக் கயிற்றில் கட்டித் தலைகீழாக இறக்க வேண்டியிருக்கிறது. படம் வந்து இரண்டு வருஷத்துக்குள், 2019 அக்டோபரில், மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை அவ்விதமே விழுந்து நான்கு நாள் போராட்டத்துக்குப் பின் பிணமாகத்தான் கிடைத்தது. கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போனதோடு நம் கடமை தீர்ந்துபோனதாக நினைத்துக்கொண்டால் நல்ல படத்தினாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் வேண்டியதில்லை. படத்தில் நாம் கண்ட குறை, நல்ல கலெக்டர் ஒருவர் வந்துதான் ஊரைக் காப்பாற்ற வேண்டும் என்கிற எண்ணத்தை அது வளர்ப்பதுதான்.

நிற்க, இத்தனை படங்களிலும் நாம் காணாத ஒன்று உண்டு. அதுதான் இப்பக்கத்தின் தொழில். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. 1918-இல் பின்னி ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் ஏற்பட்டதும், 1921-இல் அவ்வாலையில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்ததும் வடசென்னையில்தான். வள்ளூரில் 500 மெகாவாட் வீதம் மூன்று யூனிட்டுகள், ஆக 1,500 மெகாவாட் அனல் மின் நிலையம் இருக்கிறது. மின்சாரம் கம்பி வழியாக ஊர் ஊராய்ப் போய்விடுகிறது. சாம்பல் மாத்திரம் இங்கேயே தங்கிவிடுகிறது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியபோது, இந்த விஞ்ஞான காலத்தில் அதை வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகமே எண்ணெயாக மிதந்தது. வலையும் படகும் கறுத்துப் போயின. இவற்றில் கதை இல்லையா? கண்ணீர் இல்லையா? வீரம் இல்லையா? கத்தி எடுத்தவன்தான் வீரனென்றால், எண்ணெய்ச் சேற்றில் இடுப்பளவு நின்று வாளி பிடித்தவனுக்கு என்ன பேர் வைப்பது?

படமெடுக்கிறவர்களை மாத்திரம் குற்றம் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. கல்லுக்குப் பால் ஊற்றுவது மூடத்தனம் என்று சரியாகவே சொல்லுகிற இளைஞர்களில் சிலர், நடிகரின் கட்டவுட்டின் மேல் ஏறி நின்று குடம் குடமாகப் பால் ஊற்றுகிறார்களே, இது எந்தப் பகுத்தறிவில் சேர்ந்தது? கல் வெயில் மழைக்காவது தாங்கும். இந்தச் சாமி ஒரு மழைக்குத் தாங்காது. அந்தப் பாலுக்கு வீட்டில் ஒரு குழந்தை இல்லையா?

தண்டையார்பேட்டை அகஸ்தியா கொட்டகை 2020-இல் மூடப்பட்டது. ஆனால் கொட்டகை மூடினாலும் சினிமா மூடவில்லை. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கைபேசியாக வந்து உட்கார்ந்துகொண்டது. ஆகையால் முன்னைவிட அதிக ஜாக்கிரதை வேண்டும். படம் பார்க்காதீர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. பார்த்த படத்தைப் பற்றிப் படிப்பகத்திலும் டீக்கடையிலும் வீட்டுப் பெண்களோடும் பேசுங்கள். நல்லதை நல்லது என்று சொல்லுங்கள். எவ்வளவு பெரிய நடிகர் நடித்திருந்தாலும் கெட்டதைக் கெட்டது என்று சொல்லுங்கள். “வடசென்னை” வந்தபோது படகில் எடுக்கப்பட்ட ஒரு காட்சி தங்களை இழிவு செய்கிறது என்று மீனவ மக்கள் ஆட்சேபித்தார்கள். இயக்குநரும் வருத்தம் தெரிவித்து அக்காட்சியை நீக்கினார். எந்தக் காட்சியை வைப்பது, எதை எடுப்பது என்பதில் படமெடுத்தவருக்கும் நியாயம் இருக்கலாம். ஆனால் பார்க்கிறவனுக்கு வாயுண்டு என்பது அதனால் நிச்சயமாயிற்று. அந்த வாயை விசிலடிப்பதற்கு மாத்திரமே உபயோகித்துக் கொண்டிருந்தால், நம்மைப் பற்றி யார் எதைக் காட்டினாலும் காசு கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.